அம்மனுக்குக் கண் மூடியவள்

என் அண்ணன் சதேந்திராவுக்குப் பெண் பார்க்கப் போன அன்றே எனக்கு இந்திராவதியைப் பிடிக்காமல் போயிற்று. டீயைக் கொடுத்துவிட்டு அடக்கமாக உள்ளே போகவேண்டிய பெண், என் அம்மாவின் நெற்றியை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அத்தே, குங்குமம் உதிருது, கொஞ்சம் இருங்க" என்று உள்ளே ஓடி, விரல் நுனியில் எதையோ உருட்டிக்கொண்டு வந்தாள். அதை அம்மாவின் நெற்றியில் தேய்த்து, அதன்மேல் குங்குமத்தை ஒற்றினாள். தேன்மெழுகு. எங்கள் தீவில் பிப்ரவரிதான் உச்சக் கோடை; அந்த ட்ராசா வெயிலில் நாங்கள் நடந்தே வீடு திரும்பினோம். அம்மாவின் முகமெல்லாம் வேர்வை ஆறாக ஓடியது, பொட்டு மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே "இந்தப் பொண்ணுதான்" என்று சொல்லிவிட்டாள். என்னை யார் கேட்டார்கள்?

அவளுடைய அப்பா பாலசுப்பிரமணி, எங்கள் பக்கத்து மாரியம்மன் கோயிலில் பூசாரிக்கு உதவியாக இருந்தவர். கரும்புக் காட்டு ஓரத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில் பெட்டி வைத்துத் தேனீ வளர்த்தார். தேன் லௌடோகா டவுன் மார்க்கெட்டுக்குப் போகும். மெழுகு வீட்டோடு நிற்கும். தேன் பிழிந்த அடையைத் தண்ணீரில் போட்டு மெதுவாகக் காய்ச்சி, சாக்குத் துணியில் வடித்து ஆறவிட்டால் மெழுகு மேலே மிதந்து ரொட்டியாக உறையும். அடியில் பிடித்த கசடைச் சுரண்டி எறிந்துவிட்டு மறுபடி உருக்கவேண்டும். அதையும் நேர் நெருப்பில் வைக்கக் கூடாது. வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்துத்தான் உருக்கவேண்டும். அவசரப்பட்டால் கறுத்துவிடும், தீயும் பிடித்துக்கொள்ளும். அண்ணி எதற்கும் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. இந்த வேலை பழக்கிய பழக்கமாக இருக்கும்.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது நகைப்பெட்டிக்குள் ஒரு கட்டி மெழுகும் வைத்துக்கொண்டு வந்தாள். இழுத்தால் முரண்டு பிடிக்கும் டிராயருக்கு மெழுகு. ஊசியில் கோக்கும் நூலுக்கு மெழுகு. சிக்காது, சீக்கிரம் அறாது. மழைக்காலத்தில் கரும்பு வெட்டும் கத்தி துருப்பிடிக்காமல் இருக்க மெழுகு. மாங்காய் ஊறுகாய் ஜாடியின் வாய்க்கு மெழுகு. அண்ணனின் வெடித்த குதிகாலுக்கு மெழுகும் தேங்காய் எண்ணெயும். "தலைவலிச்சா அதையும் இதாலயே ஒட்டிடு அண்ணி" என்று நான் கிண்டல் செய்வேன். அவள் சிரிக்கமாட்டாள். கடை மெழுகுவத்தியை அவள் மெழுகு என்றே ஒத்துக்கொள்ளமாட்டாள். நல்ல தேன்மெழுகை மென்றால் பல்லில் ஒட்டாது, கலப்படம் பல்லைப் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கும் ஒரு துண்டு கொடுத்து மெல்லச் சொன்னாள். நாள்பட்ட மெழுகின் மேல் வெள்ளையாக ஒன்று படியும். பூசணம் என்று நினைத்து நான் எறியப் போனேன். "அது கெட்டுப்போவல ஜான்கி. நமக்கு வயசானா கண்ணுல பூ விழுது இல்ல, அந்த மாதிரி" என்று வாங்கி, வெந்நீரில் நனைத்த துணியால் ஒரு துடை துடைத்தாள். பூ போய்விட்டது, மெழுகு மறுபடி மஞ்சளாயிற்று.

மெழுகுக்குக் கோயிலிலும் ஒரு வேலை இருந்தது. புது அம்மன் வந்தால், கண் திறக்கும் நேரம் வரை அந்தக் கண்களைத் தேன்மெழுகால் மூடி வைப்பார்கள். அண்ணியின் அப்பாதான் மூடுவார். திறக்கிற அன்றும் அவர்தான் பக்கவாட்டில் நின்று, வெதுவெதுப்பான துணியால் மெழுகை எடுப்பார். அம்மனுக்கு நேராக முதலில் கண்ணாடி காட்டவேண்டும், அப்புறம் பசுவும் கன்றும். ஜனங்களெல்லாம் ஒதுங்கி நிற்கவேண்டும். முதல் பார்வை மனுசன் மேல் விழக்கூடாது, தாங்கமாட்டான் என்பார் அவர். ஒருமுறை அப்படி நிறுத்திய பசு நின்ற இடத்திலேயே நடுங்கியது. அப்புறம் பல நாள் புல்லைத் தொடவில்லை. வெயிலில் நிறுத்தினால் மாடு வேறு என்ன செய்யும் என்று நான் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எண்பத்தேழாம் வருஷம் மே மாதம், தலைநகர் சுவாவில் பட்டாளத்தார் பார்லிமெண்டுக்குள் புகுந்து, எங்கள் இந்திய வம்சத்தார் அதிகமிருந்த ஆட்சியை எடுத்துக்கொண்டார்கள். செப்டம்பரில் மறுபடி ஒருமுறை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ரோட்டில் அதுவரை மழை, கரும்பு, கல்யாணம் என்று பேசியவர்கள், அதன் பிறகு பாஸ்போர்ட், விசா என்றே பேசினார்கள். முதலில் கிளம்பியது சிவன் மாமா குடும்பம். மனைவியை இழந்தவர், எங்களுக்குப் பக்கத்துக் காணிக்காரர். மகன் யோகேந்திராவுக்கு எலக்ட்ரிக் வேலை தெரியும், ஆஸ்திரேலியாவில் அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது. வீட்டுக்குள் அவர்களுக்கு ஒரு அம்மன் இருந்தாள். கலசத்தின் மேல் வைத்த பித்தளை முகம். கரும்புக்காட்டுக் கூலியாகக் கப்பலில் வந்த மாமாவின் தாத்தா இந்த மண்ணை ஒரு கை அள்ளி அடியில் போட்டு உட்கார வைத்தது. மண்ணோடு ப்ளேனில் ஏறவும் முடியாது, மண்ணை விட்டு அவளைக் கிளப்பவும் கூடாது.

மாமா எங்கள் வீட்டுக்கு வந்து அண்ணியைக் கேட்டார். "இந்திரா, ஒங்கப்பா புது அம்மனுக்குக் கண்ணு மூடுவார் இல்ல? தொறந்த கண்ண திரும்ப மூடலாமா?"

"எதுக்கு மாமா?"

"ரெண்டு வருசத்துல நெலம சரியாயிடும், வந்துடுவோம். அதுவரைக்கும் இவ தனியா முழிச்சிக்கிட்டு, எல்லாரும் எங்கன்னு தேடுவா. பசிக்கும். பசிச்ச அம்மன் சும்மா இருப்பாளா?"

எந்தச் சாஸ்திரத்திலும் இது கிடையாது. கேட்கலாம் என்றால் அண்ணியின் அப்பா உயிரோடு இல்லை. அண்ணி எழுந்து மெழுகை எடுத்துக்கொண்டு போனாள். பித்தளையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மெழுகு பிடிக்காது என்று புளி போட்டுத் தேய்த்தாள். குளிர்ந்த உலோகத்திலும் நிற்காது, அதனால் சூடான துணியை முகத்தின் மேல் கொஞ்ச நேரம் போர்த்தி வைத்தாள். உள்ளங்கையில் உருட்டி இளக்கிய மெழுகைப் புளியங்கொட்டை அளவு கிள்ளி, ஒவ்வொரு கண்ணிலும் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். அவள் விரல் ரேகை அப்படியே அதில் பதிந்தது. கண் இருந்த இடத்தில் ரேகை.

"தூங்கிட்டா. யாரும் பேசாதீங்க, அழாதீங்க. சத்தம் கேட்டா முழிச்சிப்பா" என்றாள்.

அந்தக் குடும்பம் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நுனிக்காலில் வெளியே வந்தது. குழந்தைகளின் வாயை மருமகள் பொத்திக்கொண்டு வந்தாள். பிறந்து வளர்ந்த வீட்டிலிருந்து திருடர்கள் மாதிரி இறங்கி, கார் ரோட்டு முனை தாண்டிய பிறகுதான் அழுதார்களாம். சாவி அண்ணியிடம் இருந்தது.

அதிலிருந்து எங்கள் ரோட்டில் அது வழக்கமாகிவிட்டது. வேறு எந்த ஊரிலும் கேள்விப்பட்டதில்லை, எங்கள் ரோட்டில்தான். வீட்டைப் பூட்டுவதற்கு முன் கடைசி வேலை, இந்திராவதியைக் கூப்பிட்டு அம்மனுக்குக் கண் மூடுவது. எல்லோரும் அதையே சொன்னார்கள்: ரெண்டு வருசம், வந்துடுவோம். ஒருத்தரும் வரவில்லை. சாவிகள் அண்ணியின் சமையலறை ஆணியில் சேர்ந்துகொண்டே போயின. அந்த மெழுகில் பூ படியும், வெயில் காலத்தில் தகரக் கூரையின் சூட்டில் இளகிச் சற்றுக் கீழே வழியும். அதனால் அவள் வீடு வீடாகப் போய்ப் பூவைத் துடைத்து, இறங்கியதைத் திருத்திவிட்டு வருவாள். எப்போதும் உச்சிவெயில் நேரம்தான் போவாள், மெழுகு அப்போதுதான் சொன்னபடி கேட்குமாம்.

துணைக்கு நானும் போயிருக்கிறேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. ஆனால் அந்த வீடுகளுக்குள் கால் வைத்தால் என் குரல் தானாக இறங்கிவிடும். சுவரில் அவர்கள் போன மாதத்துக் காலண்டர். கொடியில் மறந்துபோன ஒரு குழந்தைச் சட்டை. மூடிய வீட்டின் புழுக்கத்தில் எங்கிருந்தோ தேன் வாசனை. வெளியே மைனாக்கள் கத்திக்கொண்டிருக்கும், உள்ளே வந்தால் அந்தச் சத்தம் கேட்காது. ஒருமுறை மாம்பழம் ஒன்று கூரையில் விழுந்து தடாலென்றது. நாங்கள் இரண்டு பேரும் கூரையைப் பார்க்கவில்லை, அம்மனின் முகத்தைத்தான் பார்த்தோம். வெள்ளைப் பூ படிந்த கண்கள். கிழவிக்குக் கண்ணில் பூ விழுந்த மாதிரியே இருந்தது. அண்ணி மெதுவாக, "ஒண்ணுமில்லம்மா, தூங்கு" என்றாள். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

நடுவில் அண்ணன் மாரடைப்பில் போனார். மகள் ரோஷ்னி கல்யாணமாகி சுவாவுக்கு அந்தப் பக்கம் நகாசிக்குப் போனாள். நான் அதே ரோட்டில் வேறு வீட்டில் இருந்தேன். அண்ணி தனியாக இருந்தாள், சுற்றிலும் தூங்கும் வீடுகள்.

இரண்டாயிரம் மே மாதம் சுவாவில் மறுபடி கலாட்டா. ரோஷ்னியின் புருஷன் கமலேஷ் வேலை பார்த்த கடையைக் கூட்டம் புகுந்து சூறையாடியது. கடைசியில் கொளுத்தியும்விட்டார்கள். கமலேஷ் முன்பே எழுதிப் போட்டிருந்த விசா வந்துவிட்டது. அவன் முதலில் பிரிஸ்பேன் போய் வேலையும் வீடும் பிடித்தான். ரோஷ்னி வயிற்றில் பிள்ளையோடு ட்ராசாவுக்கு வந்தாள். இந்த முறை அவள் தனியாகப் போவதாக இல்லை. அம்மாவுக்கும் விசா, அம்மாவுக்கும் டிக்கெட். பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இருக்கவேண்டும், அதன் பிறகு அங்கேயே இருந்துவிட வேண்டும். அண்ணியும் சரி என்றுதான் சொன்னாள். வெள்ளிக்கிழமை நாடி ஏர்போர்ட்டிலிருந்து ப்ளேன். பேரப்பிள்ளைக்கு என்று பழைய வேஷ்டியைக் கிழித்து, மெழுகு பூசிய நூலால் துணிகள் தைத்து அடுக்கியிருந்தாள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வாரம் ஒரு மத்தியானம், கடைசித் தடவையாக எல்லா வீட்டுக் கண்களுக்கும் கனமாக மெழுகு வைத்துவிட்டு வருகிறேன் என்று சாவிகளோடு போனாள். போன சுருக்கில் திரும்பி வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சிவன் மாமா வீட்டு அம்மா முழிச்சிட்டா."

"வெயில்ல உருகியிருக்கும் அண்ணி."

"இது ஜூலை மாசம் ஜான்கி, குளிரு காலம். எங்க வெயிலு? உருகினா வழியும். ரெண்டு வில்லையும் தட்டுல வெச்சிருக்கு. என் விரல் ரேக அப்படியே இருக்கு. நெத்தியில புதுக் குங்குமம். பின்வாசப் படியில எலையில சுத்தின கசாவாக் கெழங்கு, சூடு கூட ஆறல."

ரோஷ்னி அறையிலிருந்து வந்தாள். அவளுக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் புரியும், இங்கே வளர்ந்த பிள்ளைகள் மாதிரி பேச்செல்லாம் ஹிந்தி. நான் எடுத்துச் சொன்னதும் அவள் முகம் சிவந்தது. வராமல் இருக்க அம்மா கதை கட்டுகிறாள் என்றாள். அண்ணி மறுக்கவில்லை. முழித்த அம்மனைப் பசியோடு விட்டுவிட்டு எப்படி ப்ளேன் ஏறுவது என்பதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"எழுந்திரு. யாராச்சும் பூந்திருப்பான்" என்று நான் கரும்புக் கத்தியை எடுத்துக்கொண்டேன். ரோஷ்னியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

முன்கதவு பூட்டியபடி இருந்தது. திறந்து உள்ளே போனோம். ஜன்னல்களெல்லாம் அடைத்து, பகலிலேயே மங்கல். சாமி அறை வாசலில் அண்ணி என் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தாள், நேராக நிற்காதே என்பது போல. பதிமூன்று வருஷமாக ரேகை பதிந்த மெழுகாகவே பார்த்த முகத்தில் இப்போது கண்கள் இருந்தன. பெரிய, துலக்கிய கண்கள். அவை எங்களுக்கும் அப்பால், நடைக்கு எதிரே இருந்த பின்னறையைப் பார்த்துக்கொண்டிருந்தன. நாங்களும் அந்தப் பக்கம் திரும்பினோம். கட்டிலில் கொசுவலை இறக்கிவிட்டிருந்தது. அதற்குள் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

என் தொண்டையிலிருந்து என்ன சத்தம் வந்ததோ எனக்கே தெரியாது.

"கத்தாத ஜான்கி. நாந்தான், சிவன்."

வலையை விலக்கிக்கொண்டு வந்தது சிவன் மாமாதான். பாதியாகிப் போயிருந்தார். தாடி மார்பில் கிடந்தது. இதே நாட்டில் ட்ரெகேட்டியில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போவதாக மகனிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டவர், ப்ளேனை விட்டு இறங்கி நேராக இங்கே வந்துவிட்டார். பழைய சாவி ஒன்றை இத்தனை வருஷம் பையிலேயே வைத்திருந்திருக்கிறார். நிலத்தின் குத்தகை போன வருஷமே முடிந்து, காணி பழையபடி நிலக்காரர்களான இந்த நாட்டுப் பூர்வகுடிகளிடம் போய்விட்டது. இந்த வீட்டில் இருக்க அவருக்கு உரிமை கிடையாது. அதனால்தான் விளக்கு ஏற்றாமல், ஜன்னல் திறக்காமல் ஒளிந்திருந்தார். நிலக்கார வீட்டுப் பெண் மெரே மட்டும் கண்டுபிடித்துவிட்டாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. தினமும் படியில் கசாவாவை வைத்துவிட்டுப் போனாள்.

"கண்ண நீங்களா தொறந்தீங்க மாமா?" அண்ணி கேட்டாள்.

"நாந்தாம்மா. கண்ணாடி காட்டினேன். மாட்டுக்கு நான் எங்க போறது? நானே நேரா போயி நின்னேன்."

"மொதப் பார்வை ஒங்க மேலயா?"

"ஆமா."

"ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "எம்புள்ள நல்லவன்தாம்மா. சோறு உண்டு, டிவி உண்டு, தனி ரூம் உண்டு. காலையில எல்லாரும் போயிடுவாங்க, சாயங்காலம் வருவாங்க. என்னத் தாண்டிப் போயி ஃப்ரிட்ஜத் தொறப்பாங்க. ஒருநாள் பூரா என்ன யாரும் நிமிந்து பாக்கல. மறுநாளும் பாக்கல. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சி, நான் இருக்கேனா இல்லையான்னு. இவளாச்சும் பாக்கட்டும்னு வந்தேன். கொன்னாலும் பரவால்ல, பாத்துட்டுக் கொல்லட்டும்."

ரோஷ்னி என் கையைச் சுரண்டினாள். "கா போலிஸ்?" என்ன சொன்னார் என்று கேட்கிறாள். நான் வாய் திறக்கும் முன் அண்ணி மாமாவைப் பார்த்து, "இப்ப திரும்ப மூடிடட்டுமா மாமா?" என்றாள். அந்தக் கேள்வியின் மேல்தான் அவளுடைய வெள்ளிக்கிழமை தொங்கிக்கொண்டிருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

"என் கண்ணு மூடட்டும். அப்புறம் இவளுக்கு மூடு" என்றார் மாமா.

அண்ணி மடியில் கட்டியிருந்த மெழுகைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பி ஹிந்தியில், நான் வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெளிவாகப் புரியும்படி சொன்னாள். "ஹம் நை ஜாயேகா."

ரோஷ்னி அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதாள். ஊரான் வீட்டுக் கிழவருக்காக இருப்பாய், உன் பேரப்பிள்ளைக்காக வரமாட்டாயா என்று கேட்டாள். ஜான்கி அத்தை சோறு கொடுக்கமாட்டாளா, மெரே கொடுக்கமாட்டாளா என்றாள். நியாயமான கேள்விதான். நான் கொடுக்கிறேன் என்றும் சொன்னேன், வாய் நிறையச் சொன்னேன். அண்ணி, "கண்ண மூடினது என் கை. குருட்டு வூட்டுக்குத்தான் மனுசன் திரும்பி வந்திருக்காரு" என்று மட்டும் சொன்னாள். என் எண்ணம் வேறு. மாமா சொன்ன அந்த ஃப்ரிட்ஜ், அந்தத் தனி அறை, அதெல்லாம் அவளுக்கு எதிரே நின்றுவிட்டது. மகள் வீட்டிலும் தான் ஒருநாள் பார்க்கப்படாமல் போய்விடுவோமோ என்று பயந்துவிட்டாள். அவள் அதை ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ரோஷ்னி தனியாகப் போனாள். தைத்த துணிகளை எடுத்துக்கொண்டாள், அம்மாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாளே நான் யோகேந்திராவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ரகசியம் காப்பது என் ஜாதகத்தில் இல்லை. அவன் ஓடி வந்தான், காலில் விழாத குறையாகக் கூப்பிட்டான். மாமா அசையவில்லை. மெரேயின் வீட்டார், கிழவர் இருக்கிறவரை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். முதல் பார்வை பட்டவர் தை பிறக்குமுன் போய்விடுவார் என்று ஊரே கணக்குப் போட்டது. நானும் நம்பிக்கை இல்லாமலே போட்டேன். அவர் போகவில்லை. தாடியைச் சிரைத்துக்கொண்டு, தோட்டத்தில் கத்திரி வைத்து, வருஷா வருஷம் தெம்பாகிக்கொண்டே வந்தார். அண்ணி தினமும் அம்மனுக்கும் அவருக்கும் சோறு கொண்டுபோனாள். மற்ற வீடுகளில் பூவைத் துடைத்தாள். ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்து, "அம்மா அவரயேதான் பாக்குறா ஜான்கி. அவரு எந்தப் பக்கம் நின்னாலும்" என்றாள். அதற்கப்புறம் நான் அந்த வாசற்படியைத் தாண்டவில்லை.

ரோஷ்னிக்குப் பெண் பிறந்தது. சோனம் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். ரோஷ்னி மழையா, உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். குழந்தை பேச ஆரம்பித்ததும் போனை அதன் கையில் கொடுத்தாள். அது இங்கிலீஷில் பேசும், அண்ணி தமிழில் பேசுவாள், இரண்டு பேரும் நன்றாகச் சிரித்துக்கொள்வார்கள். குழந்தையின் தோலுக்குத் தடவ என்று மெழுகும் எண்ணெயும் காய்ச்சி அனுப்பினாள், போய்ச் சேரவில்லை. தேனீ சம்பந்தப்பட்ட எதையும் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்களாம். வருகிற வருஷம் வருகிறோம் என்று ரோஷ்னி சொல்வாள். வருகிற வருஷம் வரும்போது கமலேஷுக்கு வேலை மாறும், அல்லது பள்ளிக்கூடம் திறந்துவிடும். கோபம் இல்லை என்றுதான் சொன்னாள். அவள் அம்மாவின் மகள்தானே. பிடித்தால் பிடித்ததுதான்.

இரண்டாயிரத்து ஆறு டிசம்பரில் ரோட்டில் மறுபடி பட்டாளத்து லாரிகள் போயின. எங்களுக்கு அது மூன்றாவது தடவையோ நான்காவதோ, யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணி அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். சர்க்கரை வியாதி, காலில் புண், புண் மேலே ஏறிவிட்டது. கடைசி நாட்களில் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனால் என்னையும் தாண்டிப் பார்ப்பாள். "ரோஷ்னிக்குச் சொல்லிட்டியா?" என்பாள். சொல்லிவிட்டேன், டிக்கெட் எடுத்துவிட்டாள் என்பேன். அது நிஜமும்தான். ப்ளேன் வருவதற்கு முந்தின நாள் அண்ணி போய்விட்டாள்.

மகள் வரும் நாள்வரை உடலை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்து, அன்று காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினோம். கண்கள் மூடவில்லை. ஆஸ்பத்திரியிலும் மூடிப் பார்த்திருக்கிறார்கள், பாதி திறந்தே நின்றுவிட்டது. இமைகளுக்கு நடுவே கறுப்பு தெரிந்தது. பெண்கள் உள்ளே வருவதும், அந்தப் பார்வை எங்கே போகிறது என்று பார்த்து ஒதுங்குவதுமாக இருந்தார்கள். அவள் காலுக்கு நேர் எதிரே, வாசல் வரை, கூடத்தில் ஒரு பாதை காலியாகக் கிடந்தது. அத்தனை நெரிசலிலும் ஒருவரும் அதில் கால் வைக்கவில்லை. சிவன் மாமா தடியை ஊன்றிக்கொண்டு வந்து வேலிப் பக்கம் நின்றார். "நான் இல்ல முந்தியிருக்கணும்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"மெழுகு வெய்யி ஜான்கி. கண்ணு தொறந்திருந்தா யாரயாச்சும் கூட்டிக்கிட்டுப் போயிடும்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேறு யார் இருக்கிறார்கள்? அவளுடைய டப்பாவிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து உள்ளங்கையில் உருட்டினேன். சீக்கிரமே இளகிவிட்டது. ஓரமாக உட்கார்ந்து அவள் முகத்தருகே கையைக் கொண்டுபோனேன்.

அப்போதுதான் வாசலில் கார் நின்றது. ரோஷ்னி தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். காலியாகக் கிடந்த அந்தப் பாதையில் நேராக நடந்து வந்தாள். பெண்கள் "ஓரமா வா, ஓரமா வா" என்று பதறினார்கள். அவளுக்குப் புரிந்திருக்கும், நிற்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

"வேணாம் அத்தே. அம்மா பாக்கட்டும்."

குழந்தையைத் தூக்கி, அந்தக் கண்களுக்கு நேர் எதிரே தரையில் நிறுத்தினாள். குழந்தை பயப்படவில்லை, தலையைச் சாய்த்து பாட்டியின் முகத்தைப் பார்த்தது.

"அம்மா, இதான் சோனம்" என்றாள் ரோஷ்னி.